ஆங்கிலக் கிராமத்துப் பாட்டும் ஆர்க்கெஸ்ட்ராவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒருமுறை நண்பர் வீட்டு மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி மேற்கத்திய இசை கேட்கிறோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் நாட்டுப்புறப் பாடல்களிலிருந்தும் அந்த மண்ணின் காட்சிகளிலிருந்தும் பிறந்த இசையை எப்போது ஒலிக்கவிட்டாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

இது என்ன வகை இசை? யார் யார் எழுதினார்கள்?

சுமார் 1904 முதல் 1930கள் வரை இங்கிலாந்தின் இசையமைப்பாளர்கள் பலர் தங்கள் நாட்டுக் கிராமத்து மெட்டுகளைத் தேடிப்போய்க் கேட்டு, அவற்றிலிருந்து ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதினார்கள். சிலர் மெட்டை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சிலர் அதன் சாயலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வயல், சதுப்பு நிலம், கடற்கரை, பொட்டல் என்று நிலமும் அவர்களுடைய இசைக்குள் வந்தது.

முதலில் சொல்ல வேண்டிய பெயர் ரேஃப் வாகன் வில்லியம்ஸ் (1872–1958). அடுத்து அவருடைய உயிர் நண்பர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட், முப்பத்தொரு வயதில் முதல் உலகப் போரில் இறந்த ஜார்ஜ் பட்டர்வொர்த், வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிரான்ஸில் கழித்த ஃப்ரெடரிக் டீலியஸ், ஆஸ்திரேலியாவில் பிறந்த பெர்சி கிரெய்ஞ்சர். இவர்களில் யாரும் கிராமத்துப் பாடகர் அல்லர். பாட்டைக் கொடுத்தவர்கள் வேறு மனிதர்கள். அவர்களைப் பற்றிப் பேசாமல் இந்த இசையைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படுவதில்லை.

எனக்கு மேற்கத்திய இசை பழக்கமே இல்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

பட்டர்வொர்த்தின் ‘தி பேங்க்ஸ் ஆஃப் கிரீன் வில்லோ’விலிருந்து தொடங்குங்கள். ஆறு நிமிடம்தான். ஒரு கிளாரினெட் தனியாக மெட்டைச் சொல்லும், தந்திக் கருவிகள் அதை வாங்கிக்கொள்ளும். முதல் தடவையிலேயே மெட்டு மனத்தில் உட்கார்ந்துவிடும்.

அடுத்ததாக வாகன் வில்லியம்ஸின் ‘தி லார்க் அசெண்டிங்’, அதாவது மேலெழும் வானம்பாடி. கால் மணி நேரம் ஒற்றை வயலினுக்குக் காது கொடுத்தால் போதும். பிறகு டீலியஸின் ‘பிரிக் ஃபேர்’. வாகன் வில்லியம்ஸின் மூன்றாம் சிம்பொனியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்னணி தெரியாமல் கேட்டவர்களில் பாதிப் பேர் தூங்கிவிட்டதை எங்கள் மாடியிலேயே பார்த்திருக்கிறேன்.

பாட்டைச் சேகரித்தார்கள் என்கிறீர்கள். எப்படி? யாரிடம் போய்க் கேட்டார்கள்?

1903இல் செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர் சோமர்செட் மாவட்டத்தின் ஹாம்பிரிட்ஜ் கிராமத்தில், பாதிரியாரான நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தார். தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் தனக்குள் பாடிக்கொண்டிருந்தார். அந்தத் தோட்டக்காரரின் பெயர் ஜான் இங்கிலாந்து. பாட்டு, ‘தி சீட்ஸ் ஆஃப் லவ்’. ஷார்ப் குறிப்பேட்டை எடுத்து அங்கேயே மெட்டை எழுதிக்கொண்டார். அன்றைக்கு அவர் தொடங்கிய வேலை 1924இல் இறக்கும்வரை ஓயவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் வாகன் வில்லியம்ஸுக்கும் இப்படி ஒன்று நேர்ந்தது. எஸ்ஸெக்ஸில் இன்கிரேவ் என்ற ஊரில் பாதிரியார் வீட்டுத் தேநீர் விருந்துக்கு அவரை அழைத்திருந்தார்கள். சார்லஸ் பாட்டிஃபர் என்ற எழுபது வயது கடந்த கூலித் தொழிலாளியும் அங்கே வந்திருந்தார். பெரிய மனிதர்கள் கூடிய இடத்தில் பாட அவருக்குக் கூச்சம். மறுநாள் தன் வீட்டுக்கு வந்தால் பாடுவதாகச் சொன்னார். 1903 டிசம்பர் 4ஆம் தேதி வாகன் வில்லியம்ஸ் அவர் வீடு தேடிப் போனார். கிழவர் ‘புஷஸ் அண்ட் பிரையர்ஸ்’ பாடினார். வாழ்நாள் முழுக்கத் தெரிந்திருந்த ஒன்றைக் கேட்டதுபோல் இருந்தது என்று பின்னாளில் வாகன் வில்லியம்ஸ் சொன்னார். பிறகு எண்ணூறுக்கும் மேற்பட்ட பாடல்களை எழுதிக்கொண்டார். மதுக்கடை, மீனவர் குடியிருப்பு, ஆதரவற்ற முதியவர்கள் அடைக்கலமாயிருந்த ஏழைகள் விடுதி என்று எங்கே பாட்டு இருந்ததோ அங்கே போனார்.

பெரும்பாலும் காதால் கேட்டுக் கையால் எழுதியதுதான். கிரெய்ஞ்சர் மட்டும் 1906இல் லிங்கன்ஷயரில் மெழுகு உருளையில் ஒலிப்பதிவு செய்யும் ஃபோனோகிராஃப் கருவியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அதுவரை இல்லாத அக்கறை அந்தக் காலத்தில் மட்டும் ஏன் வந்தது?

இரண்டு காரணங்கள் எனக்கு முக்கியமாகத் தெரிகின்றன. முதலாவது, பாட்டு அழிந்துகொண்டிருந்தது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இங்கிலாந்து, வேல்ஸ் மக்களில் நான்கில் மூன்று பங்கினர் நகரவாசிகளாகிவிட்டனர். பழைய பாட்டுத் தெரிந்தவர்கள் எழுபது, எண்பது வயதில் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அவை தெரியாது. இதை உணர்ந்தவர்கள் 1898இல் நாட்டுப்புறப் பாடல் சங்கம் ஒன்றை லண்டனில் தொடங்கினார்கள்.

இரண்டாவது, இசையமைப்பாளர்களின் மனப்புழுக்கம். அன்றைய இங்கிலாந்தில் இசை கற்பது என்றால் ஜெர்மனியின் வழியில் எழுதக் கற்பது என்றே பொருள். இங்கிலாந்து இசையே இல்லாத நாடு என்ற ஏளனமும் ஜெர்மானியர்களிடம் இருந்தது. ஜெர்மானிய நடையை உதறிவிட்டுத் தன் குரலில் பேச வேண்டும் என்று தவித்த இளைஞர்களுக்கு, வயல்வெளியில் ஒரு கிழவர் பாடிய மெட்டு வழிகாட்டியது. வாகன் வில்லியம்ஸ் முப்பது வயதுக்கு மேல்தான் தன் குரலைக் கண்டடைந்தார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சில இடங்களில் நம் ராகம்போல் கேட்கிறதே, இது என் கற்பனையா?

கற்பனை இல்லை. மேற்கத்திய இசையில் பரவலாகப் புழங்குவது மேஜர், மைனர் என்ற இரண்டு சுர வரிசைகள். ஆங்கிலக் கிராமத்துப் பாடல்களில் பல இவற்றுக்கு முந்தைய பழைய வரிசைகளில் அமைந்தவை. அவற்றை மோடுகள் என்பார்கள். டோரியன் என்ற மோடின் சுரங்கள் நம் கரகரப்பிரியாவின் சுரங்கள். மிக்சோலிடியன், ஹரிகாம்போஜி. ஏயோலியன், நடபைரவி. ஃப்ரிஜியன், தோடி. பிரிக் ஃபேர் மெட்டு டோரியனில் இருப்பதால், கரகரப்பிரியா கேட்டுப் பழகிய காது அதை உடனே அடையாளம் கண்டுகொள்கிறது.

சுரங்கள் ஒன்று என்பதால் ராகம் ஒன்றாகிவிடாது. கமகமும் பிடிகளும் அங்கே இல்லை. ஒரே நேரத்தில் பல சுரங்களை அடுக்கி ஒலிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. தோடியை எதிர்பார்த்து ஃப்ரிஜியனைக் கேட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நுழைவாயிலாக மட்டும் இந்த ஒற்றுமையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

‘தி லார்க் அசெண்டிங்’கில் இருக்கும் நாட்டுப்புறப் பாட்டு எது?

எதுவும் இல்லை. சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். அதில் வரும் மெட்டுகள் எல்லாம் வாகன் வில்லியம்ஸின் சொந்தக் கற்பனை. நூற்றுக்கணக்கான பாடல்களைக் கேட்டு எழுதி ஊறிப்போன மனத்திலிருந்து அவை வருகின்றன. தொடக்கத்தில் வயலின் ஐந்து சுர வரிசையைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. தாள அளவைக் காட்டும் கோடுகளே அந்தப் பகுதியில் கிடையாது. பறவையின் பறத்தலுக்குத் தாளம் எதற்கு? ஜார்ஜ் மெரிடித்தின் கவிதை ஒன்றிலிருந்து வரிகளை எடுத்து இசைப் பிரதியின் முகப்பில் எழுதிவைத்தார். 1914இல் எழுதியது, போர் குறுக்கிட்டதால் 1920இல்தான் அரங்கேறியது. ஆர்க்கெஸ்ட்ராவோடு கேட்பதற்கு 1921 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு முறையும் வயலின் வாசித்தவர் மேரி ஹால்.

இதேபோல வாகன் வில்லியம்ஸின் ‘தாலிஸ் ஃபேண்டசியா’வையும் நாட்டுப்புற இசை என்று பலர் நினைக்கிறார்கள். அதன் மெட்டு, தாமஸ் தாலிஸ் என்ற பதினாறாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் 1567இல் வெளிவந்த, பைபிளின் சங்கீதங்கள் என்ற துதிப்பாடல்களைக் கொண்ட புத்தகத்துக்காக எழுதியது. தேவாலயப் பாடல் நூல் ஒன்றைத் தொகுத்தபோது வாகன் வில்லியம்ஸ் கண்ணில் பட்டது. முந்தைய பதிலில் சொன்ன ஃப்ரிஜியன் இதுதான். 1910 செப்டம்பர் 6ஆம் தேதி குளோஸ்டர் தேவாலயத்தில் அவரே நடத்தி அரங்கேற்றினார். தந்திக் கருவிகள் மட்டுமே. பெரிய குழு ஒன்று, தள்ளி உட்கார்ந்த ஒன்பது பேர் கொண்ட சிறு குழு ஒன்று, நான்கு தனி வாத்தியங்கள். பெரிய குழு ஒன்றைச் சொல்ல, தொலைவிலிருந்து சிறு குழு அதையே மெல்லத் திருப்பிச் சொல்லும். கல் மண்டபத்தின் எதிரொலியையே இசையாக எழுதிவைத்திருக்கிறார். இந்த மரபில் ஒன்றே ஒன்றை மட்டும் கேட்க நேரம் இருந்தால் நான் இதைத்தான் கேட்பேன்.

மெட்டு இவ்வளவு இனிமையாக இருக்கிறது. பாட்டின் பொருளும் இப்படித்தானா?

இல்லை. நான் தொடக்கத்தில் பரிந்துரைத்த கிரீன் வில்லோ பாட்டின் கதை இது: விவசாயி மகள் ஒருத்தி கப்பல் தலைவனை நம்பிக் கர்ப்பிணியாக அவனோடு கடலேறுகிறாள். நடுக்கடலில் பிரசவ வலி. உதவ யாரும் இல்லை. தாயும் சிசுவும் கடலில் போகிறார்கள். பட்டர்வொர்த் சொற்களை விட்டுவிட்டு மெட்டை மட்டும் எடுத்தார். ஆனாலும் நடுவில் இசை கொந்தளித்து அடங்கும் இடத்தைக் கதை தெரிந்தபின் கேட்டுப் பாருங்கள்.

‘தி கேப்டன்ஸ் அப்ரெண்டிஸ்’ இன்னும் கொடியது. 1905 ஜனவரியில் நார்ஃபோக் கடற்கரையில் கிங்ஸ் லின் துறைமுகத்து மீனவரான ஜேம்ஸ் கார்ட்டர் அதை வாகன் வில்லியம்ஸுக்குப் பாடிக் காட்டினார். ஏழைகள் விடுதியிலிருந்து கப்பலுக்கு வேலைக்கு எடுத்த அநாதைச் சிறுவனைத் தலைவன் அடித்தே கொன்ற கதை, கொன்றவனே சொல்கிறான். அடுத்த ஆண்டு எழுதிய முதல் ‘நார்ஃபோக் ராப்சடி’யில் (ராப்சடி என்பது மெட்டுகளைக் கட்டற்றுக் கோத்து எழுதும் இசை) அந்த மெட்டு, வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்றில் தனியாக வருகிறது. மூடுபனிபோல் அசையாமல் நிற்கும் தந்திகளுக்கு மேல், யாரோ தயங்கித் தயங்கி உண்மையைச் சொல்லத் தொடங்குவதுபோல.

டீலியஸின் வசந்தகாலக் குயில் இசைதானே எல்லாவற்றிலும் அதிகமாக இங்கிலாந்து வாசனை கொண்டது?

பலரும் அப்படித்தான் உணர்கிறார்கள். ஆனால் 1912இல் எழுதிய ‘வசந்தத்தில் முதல் குயிலைக் கேட்டபோது’ என்ற அந்தப் படைப்பின் மெட்டு நார்வே நாட்டுப்புறப் பாட்டு. டீலியஸ் அப்போது வசித்தது பாரிஸுக்குத் தெற்கே கிரே சூர் லுவான் என்ற கிராமத்தில். முதலில் வாசிக்கப்பட்டது ஜெர்மனியின் லைப்சிக் நகரில், 1913இல். அவர் பிறந்த ஊர் மட்டும் இங்கிலாந்தின் பிராட்ஃபர்ட், பெற்றோர் ஜெர்மானியர்கள்.

இதனால் அந்த இசையின் அருமை குறைந்துவிடாது. கிளாரினெட்டில் இரண்டே சுரத்தில் குயில் கூவும்போது எந்த நாடு என்ற கேள்வியே மறந்துபோகிறது. தேசிய இசை என்று நாம் உறுதியாகச் சொல்வதில் பாதி கேட்பவரின் மனத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

நிலத்தை எப்படி இசையில் காட்ட முடியும்? வெறும் தலைப்பை வைத்து நாமே கற்பனை செய்துகொள்கிறோமா?

ஓரளவு அப்படித்தான். தலைப்பை மறைத்துவிட்டால் டோர்செட்டா தஞ்சாவூரா என்று எந்த இசையும் சொல்லாது. ஆனால் பரப்பையும் வெறுமையையும் தூரத்தையும் இசையால் உணர்த்த முடியும். தாலிஸ் ஃபேண்டசியாவின் இரு குழுக்கள் தூரத்தை அப்படித்தான் காட்டுகின்றன.

இதற்கு ஹோல்ஸ்டின் ‘எக்டன் ஹீத்’ (1927) சரியான எடுத்துக்காட்டு. தாமஸ் ஹார்டியின் நாவலில் வரும் டோர்செட் பொட்டல்வெளி அது. எழுதிய ஆண்டில் ஹோல்ஸ்ட் அந்த நிலத்தில் ஹார்டியோடு நடந்தும் பார்த்தார். இசை, மிகத் தாழ்ந்த குரல் கொண்ட பெரிய தந்திக் கருவிகளான டபுள் பாஸ்களின் அடங்கிய முனகலில் தொடங்குகிறது. மெட்டு உருவாகப் பார்க்கும், கலைந்துவிடும். நாட்டுப்புறப் பாட்டு கிடையாது. நடுவே விநோதமான ஒரு நடனம் தலைகாட்டி மறையும். 1928 பிப்ரவரியில் நியூயார்க்கில் அரங்கேறியது; ஹார்டி அதற்கு முந்தைய மாதம்தான் காலமானார். தான் எழுதியவற்றில் சிறந்தது இதுவே என்று ஹோல்ஸ்ட் கருதினார். முதல் முறை கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. இன்று அவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்.

ஹோல்ஸ்ட் என்றால் ‘தி பிளானட்ஸ்’ எழுதியவர்தானே? அதில் ஜூபிடர் பகுதியின் அந்தப் பெரிய மெட்டு நாட்டுப்புறப் பாட்டா?

அவரேதான். மெட்டு அவருடைய சொந்த மெட்டு. நாட்டுப்புறச் சாயல் கொண்டது என்பது மட்டும் உண்மை. பின்னால் அது தேசபக்திப் பாடலானபோது, தான் வாழ்ந்த எஸ்ஸெக்ஸ் கிராமமான தாக்ஸ்டெட்டின் பெயரை அந்த மெட்டுக்குச் சூட்டினார். நேரடியாகக் கிராமத்து மெட்டுகளால் கட்டியதைக் கேட்க வேண்டுமானால், செசில் ஷார்ப் கேட்டுக்கொண்டதற்கு இணங்க அவர் எழுதிய ‘சோமர்செட் ராப்சடி’யைக் கேளுங்கள்.

நம் வாசகர்களுக்கு இன்னொன்று: இவர் சமஸ்கிருதம் கற்று, ரிக் வேதப் பாடல்களைத் தானே மொழிபெயர்த்து இசையமைத்தவர். சாவித்திரி கதையைச் சிறு ஓபராவாகவும் எழுதினார். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

எல்லாம் ஒரே பச்சைப் புல்வெளி, ஆட்டுக்குட்டி, மந்தமான நடை. இதில் என்ன ஆழம் இருக்கிறது?

இந்தக் குறையை இங்கிலாந்துக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். எலிசபெத் லட்யன்ஸ் என்ற இசையமைப்பாளர் இதற்கு மாட்டுச் சாணி இசை என்றே பெயர் வைத்தார். மெலிந்த படைப்புகள் இந்த மரபில் உண்டு. ஒரு மெட்டை எடுத்து, அதையே மறுபடி சற்று உரக்க வாசித்து முடித்துவிடும் ராப்சடிகளை நானும் பொறுமையிழந்து கேட்டிருக்கிறேன்.

ஆனால் அந்தக் குற்றச்சாட்டை அதிகமாகச் சுமந்த வாகன் வில்லியம்ஸின் மூன்றாம் சிம்பொனிக்கு அது துளியும் பொருந்தாது. ‘பாஸ்டரல்’ என்று பெயர் வைத்ததால், 1922இல் கேட்டவர்கள் இங்கிலாந்தின் மேய்ச்சல் நிலத்தை நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அது பிரான்ஸின் போர்க்கள நிலம். நாற்பத்திரண்டு வயதில், கட்டாயம் ஏதும் இல்லாமல், ராணுவ மருத்துவப் பிரிவில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர் அவர். எக்வாவ்ர் என்ற இடத்தில் இரவுக்கு இரவு காயம்பட்டவர்களை ஏற்றிவர வண்டியோடு போனார். அப்போது சூரியன் மறையும் வேளையில் கண்ட நிலக்காட்சியிலிருந்து வந்த இசை இது என்றும், துள்ளும் ஆட்டுக்குட்டிகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் பின்னாளில் கடிதத்தில் எழுதினார்.

இரண்டாம் பகுதியைக் கவனியுங்கள். முகாமில் ஊதுகொம்பு பழகிக்கொண்டிருந்த வீரர் ஒருவர் எட்டாம் சுரத்தை எட்ட முயன்று ஒவ்வொரு முறையும் ஏழாம் சுரத்தில் விழுந்துகொண்டிருந்தாராம். அந்தப் பிழையை வாகன் வில்லியம்ஸ் மறக்கவில்லை. வால்வு இல்லாத டிரம்பெட்டில், நம் காதுக்குச் சற்று இறங்கியதாகப் படும் அந்த ஏழாம் சுரத்தோடு, அதைத் தனி இசையாக எழுதினார். கடைசிப் பகுதி, சொற்களே இல்லாத பெண் குரலில் தொடங்குகிறது. கீழே முரசின் மெல்லிய அதிர்வு மட்டும்.

பட்டர்வொர்த் இன்னும் ஏன் நிறைய எழுதவில்லை?

1916 ஆகஸ்ட் 5ஆம் தேதி அதிகாலையில் பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் பொசியேர் என்ற ஊருக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். உடலை அடையாளம் கண்டு எடுக்க முடியவில்லை. பெயர் தியெப்வால் நினைவுச்சின்னத்தில் இருக்கிறது. போருக்குப் போகுமுன் தனக்குத் திருப்தி தராத கையெழுத்துப் பிரதிகளையும் அழித்துவிட்டார். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அவர் முடித்து வைத்தவற்றை ஒரே மாலையில் கேட்டுவிடலாம்.

அவர் நடனமும் ஆடியவர். மாரிஸ் என்ற கிராமத்து நடனத்தை 1912இல் அவர் ஆடியது அசையும் படமாக எஞ்சியிருக்கிறது. ‘எ லண்டன் சிம்பொனி’யை எழுதச் சொல்லி வாகன் வில்லியம்ஸைத் தூண்டியவரும் அவர்தான், ஜெர்மனிக்கு அனுப்பிய மூலப் பிரதி தொலைந்தபோது, தனித்தனி வாத்தியத் தாள்களிலிருந்து அதை மீட்டு எழுத உதவியவர்களில் ஒருவரும் அவரே. வாகன் வில்லியம்ஸ் அந்தச் சிம்பொனியைப் பட்டர்வொர்த்தின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். மூன்றாம் சிம்பொனியின் சொல்லற்ற குரலைக் கேட்கும்போது எனக்கு இவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

படித்த கனவான்கள் ஏழைகளின் பாட்டை எடுத்துத் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள் என்று சொல்லலாமா?

இதைக் கேட்டவர் கோபமாகத்தான் கேட்டார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மெட்டும் பாட்டும் கூலித் தொழிலாளிகளுடையவை. புகழ் இசையமைப்பாளர்களுக்குப் போனது. ஷார்ப் பள்ளிப் புத்தகங்களுக்காகப் பாடல்களின் காமச் சுவையுள்ள வரிகளை மாற்றினார். பழைய மோடுகளில் அமைந்தவற்றைத் தேடித் தேடி எடுத்தவர்கள், அதே பாடகர்கள் விரும்பிப் பாடிய நகரத்து மேடைப் பாடல்களை ஒதுக்கினார்கள். தங்களுக்கு வேண்டிய கிராமத்தைத்தான் அவர்கள் கண்டார்கள் என்ற விமர்சனத்தை என்னால் மறுக்க முடியவில்லை.

ஆனால் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பாடியவரின் பெயரையும் ஊரையும் தேதியையும் அவர்கள் எழுதிவைத்தார்கள். பாட்டிஃபரின் பெயரும் கார்ட்டரின் பெயரும் அதனால்தான் இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தன. கிரெய்ஞ்சர் இன்னும் ஒரு படி மேலே போனார். பாடுபவர் ஓரிடத்தில் நீட்டினால், ஓரிடத்தில் தாளத்தை மீறினால், அது தவறு என்று திருத்தாமல் அப்படியே எழுதினார். அவர் காற்றுக் கருவிக் குழுவுக்கு எழுதிய ‘லிங்கன்ஷயர் போசி’யில் (1937) ஒவ்வொரு பகுதியும் ஒரு பாடகரின் பாணியைப் படம்பிடிப்பது. தனக்குப் பாடிய அந்த முதியவர்களுக்கே அதைக் காணிக்கையாக்கினார்.

அந்தப் பாடகர்களில் யாருடைய குரலையாவது இன்று கேட்க முடியுமா?

முடியும். ஜோசஃப் டெய்லர் லிங்கன்ஷயர்க்காரர், 1833இல் பிறந்தவர். 1905இல் பிரிக் என்ற ஊரில் நடந்த பாட்டுப் போட்டியில் கிரெய்ஞ்சர் அவரைக் கண்டார். 1908இல் லண்டனில் கிராமஃபோன் கம்பெனி அவரைப் பாடவைத்து இசைத்தட்டுகள் வெளியிட்டது. அந்தப் பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன.

பிரிக் ஃபேர் பாட்டில் அவருக்கு நினைவிருந்தது இரண்டே சரணம். மீதியைக் கிரெய்ஞ்சர் வேறு பாடல்களிலிருந்து எடுத்துக் கோத்தார். டீலியஸ் அந்த மெட்டை வைத்துக் கால் மணி நேர ஆர்க்கெஸ்ட்ரா இசையைக் கட்டினார். முதலில் டெய்லரைக் கேளுங்கள், பிறகு டீலியஸை. தேய்ந்த தட்டின் இரைச்சலுக்குள்ளிருந்து எழுபத்தைந்து வயதுக் குரல் நடுங்காமல் வருகிறது. சுரத்திலிருந்து சுரத்துக்குப் போகும்போது சின்னச் சின்ன நெளிவுகளை உதிர்த்துக்கொண்டே போகிறார். ஆகஸ்ட் ஐந்தாம் நாள், வானிலை தெளிவாக இருந்தது, காதலியைக் காணத் திருவிழாவுக்குப் போனேன் என்கிறார். பட்டர்வொர்த் இறந்த தேதியும் அதுதான். அந்த முதல் வரியை என்னால் இப்போது அதை நினைக்காமல் கேட்க முடிவதில்லை.